கண்ணாடியில் ஒரு கடல்

இங்கிலாந்தின் பழைய மாதா கோயில்களுக்குள் நுழைந்தால் நம் மனம் அவ்வளவாக ஒட்டுவதில்லை. சுவர்களிலே சலவைக்கல் பலகைகள். சிலவற்றில் நம் தேசத்துப் போர்க்களங்களின் பெயர்கள்! தம் ஊர்ப் போர்வீரனுக்கு அவர்கள் நினைவுக்கல் நாட்டியதில் தவறில்லை. ஆனால் அதன் எதிரே நின்று நாம் கண்ணீர் உகுப்பது எங்ஙனம்?

கெண்ட் ஜில்லாவில், டன்பிரிட்ஜ் நகருக்கு அருகே உள்ள டியூட்லி என்னும் சிற்றூருக்கும் அந்த எண்ணத்துடனேயே சென்றேன். சிறிய கோயில், செங்கற் கோபுரம். கதவைத் திறந்தேன். கிழக்குச் சாளரம் முழுவதும் கடலாக இருந்தது!

1963-ஆம் வருஷத்தில் ஸாரா என்னும் பெண், படகு விபத்தில் கடலில் மூழ்கி மாண்டாள். வயது 21. அவள் தந்தை ஸர் ஹென்றி டாவிக்டார்-கோல்ட்ஸ்மிட் யூதர், தாய் கிறிஸ்தவர். 1961-ல் பாரிஸ் நகரில், ஜெருஸலத்து யூத ஆலயமொன்றுக்காக மார்க் ஷகால் செய்த வர்ணக் கண்ணாடிகளைக் கண்டு மகிழ்ந்தவள் ஸாரா. ஆகவே பெற்றோர் அந்தச் சித்திரக்காரரையே நாடினர். ஷகாலும் யூதர், ருஷ்ய நாட்டில் பிறந்து பிரான்சில் குடியேறியவர், நாஜிகளுக்குத் தப்பி 1941-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு கிறிஸ்தவக் கோயிலுக்குச் சாளரம் அமைத்தார்!

கீழே நீல அலைகளினிடையே அந்தப் பெண் மிதக்கிறாள். முகத்தில் பயமில்லை, உறக்கம் போல் இருக்கிறது. அருகே துயருறும் உருவங்கள். ஒரு சிவப்புக் குதிரை. மேலே செல்ல ஓர் ஏணி. உச்சியில் சிலுவையில் கிறிஸ்து. வேதனையைக் காட்டிலும் கருணையே அங்கு மிகுதி.

ரெய்ம்ஸ் நகரத்துக் கண்ணாடி நிபுணர் சார்ல்ஸ் மார்க் இவ்வேலையில் துணை நின்றார். கண்ணாடியின் மேல் மெல்லிய வர்ணக் கண்ணாடிப் படலம். அதைத் திராவகத்தால் அளவறிந்து அரிப்பார்கள். ஆதலால் ஒரே துண்டில் கருநீலம் வெளிறி வெண்மையாகும். நடுவே ஈயப்பட்டை குறுக்கிடாது. அலை அலையாகவே இருப்பதன் ரகசியம் அதுதான்.

1967-ல் இச்சாளரத்தைப் பொருத்தியபோது நேரில் வந்த ஷகால், மற்றச் சாளரங்களையும் தாமே செய்வதாகக் கூறினாராம். 12 சாளரங்களும் நிறைவெய்தியது 1985-ல். தமது 97-ஆம் வயதில் அவர் மறைந்ததும் அதே வருஷம். தென்புறத்தில் பொன் மஞ்சளைக் கொட்டியிருக்கிறார். எனினும் என் கண்கள் நீலத்துக்கே திரும்பின.

திடீரென்று மேகம் சூரியனை மறைத்தது. கடல் கருத்தது, பெண்ணின் முகம் தெரியவில்லை. மறுபடியும் வெயில் வரட்டும் என்று பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டேன். டன்பிரிட்ஜுக்குத் திரும்ப வேண்டிய பஸ் போய்விட்டது.