கண்டுபிடித்ததற்குக் கூலி

பழைய காரில் இஞ்சின் லைட் எரிந்தால் இப்போது யாரும் முதலில் மெக்கானிக்கிடம் வருவதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ப்ளூடூத் கருவியைச் சொருகி, போனில் எரர் கோட் படித்து, எந்தப் பார்ட் போயிருக்கிறது என்று தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். "பி0172 காட்டுது, ஆக்சிஜன் சென்சார் மாத்திடுங்க" என்பார்கள். மாற்ற மாட்டேன் என்றால் கோபம். மாற்றாமலே லைட்டை அணைத்துவிட்டுக் கூலி கேட்டால் அதைவிடக் கோபம். "பார்ட் ஒண்ணும் போடலையே, அப்புறம் எதுக்கு இவ்வளவு?" இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியாவது வைக்கிறேன்.

பி0172 என்றால் முதல் பேங்கில் கலவை ரிச். அது அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இஞ்சின் கம்ப்யூட்டரான இசியூ பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, அந்தத் திருத்தக் கணக்கான லாங் டெர்ம் ட்ரிம் மைனஸில் எல்லை தொட்ட பிறகு லைட்டைப் போடுகிறது. பெட்ரோல் அதிகம் என்று தெரிவித்ததே அந்த ஆக்சிஜன் சென்சார்தான். அதைக் கழற்றிப் போடுவது, புகார் கொடுக்க வந்தவனையே லாக்கப்பில் வைப்பது மாதிரி. ட்ரிம் ஐடிலில் எவ்வளவு, 2,500 ஆர்பிஎம்மில் எவ்வளவு, லோடு ஏற்றினால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். ஐடிலில் லீன், அதாவது பெட்ரோல் குறைவு, வேகத்தில் சரியாகிறது என்றால் எங்கோ காற்று புகுகிறது. வேகத்தில்தான் லீன் என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர். மும்பையில் நிறைய வண்டி சிஎன்ஜி. வெளியில் கிட் போட்ட வண்டியென்றால் கேஸில் ஓடிப் படிந்த ட்ரிம்மை நம்பக் கூடாது, பெட்ரோலில் ஓட்டித் தனியாக எடுக்க வேண்டும். போன் இதையெல்லாம் காட்டும். ஆனால் வருகிறவர்கள் முதல் திரையைத் தாண்டுவதே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். மாட்டுங்கா லேபர் கேம்ப் ஓரத்தில் பத்மினி டாக்ஸிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். குர்லாவில் செய்த வண்டி, கார்புரேட்டர், பிளாட்டினம் பாயின்ட். எச்சரிக்கிற லைட் ஏது? நாலு பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசை மாறாமல் துணியில் அடுக்கி, நிறம் பார்த்துச் சொல்ல வைப்பார். வேக்குவம் கேஜ் முள் துடிப்பதா, மெல்ல ஆடுவதா என்று கேட்பார். பையன்கள் ஆர்வக்கோளாறில் ஸ்பானரை எடுத்தால் ஒரு சத்தம்: "ஏலே, பானாவத் தொடாத. என்ன பாத்தேன்னு முதல்ல சொல்லு." சொல்லத் தெரியாவிட்டால் அன்றைக்கு வண்டியில் கை வைக்க முடியாது. இஞ்செக்‌ஷன் வண்டிகள் வந்தபோது அவர் பயப்படவில்லை. ஸ்கேனரையும் இன்னொரு கேஜாகத்தான் வைத்துக்கொண்டார். கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸிக்கு 2003 அக்டோபர் 29 தேதி. 20 வருட வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு அந்த வண்டிகள் ரோட்டை விட்டுப் போயின. அந்தப் பயிற்சியும் அவற்றோடு போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

அந்தப் பயிற்சி இல்லாமல் தீராத ஒரு வண்டியைச் சொல்கிறேன். செம்பூர் செட்டா நகர் மாமா ஒருவருடையது, 2011 மாடல். 2010 ஏப்ரலில் மும்பைக்கு பிஎஸ்-4 வந்ததோடு, வண்டியே தன் கோளாறைக் கவனித்துச் சொல்லும் ஓபிடியும் வந்தது. அதனால் எந்த ஸ்கேனரும் அந்த வண்டியோடு பேசும். ஒரு மழையில் கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட் தண்ணீரில் நின்றிருக்கிறது. மாதங்கள் கழித்து லைட். மைலேஜ் சரிந்தது, பிளக்கில் கரி. ஒரு சர்வீஸ் சென்டரில் ஆக்சிஜன் சென்சார் மாற்றினார்கள். இன்னொரு இடத்தில் இஞ்செக்டர் க்ளீனிங், புது பிளக். மூன்றாவது இடத்தில் வயரிங் ஓகே, இசியூதான் போச்சு என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

கடைசியில் என்னிடம் வந்தார். வண்டியை ராத்திரி நிறுத்திவைத்துவிட்டுப் போகச் சொன்னேன். காலையில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், சாவியை மட்டும் ஆனில் வைத்து லைவ் டேட்டா பார்த்தேன். இஞ்சின் ஓடாதபோது மேனிஃபோல்டில் இருப்பது வெளிக்காற்று. மேப் சென்சார் காற்றழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். மும்பை கடல் மட்டத்து ஊர், 100 அல்லது 101 கிலோபாஸ்கல் வரும். ஊட்டியில் இதே வண்டி 78 பக்கத்தில் காட்டும். இந்த வண்டி காட்டியது 107. மும்பையில் எந்தப் பருவத்திலும் அப்படி ஒரு காற்று கிடையாது.

மேப் சென்சார் போச்சு என்று இந்த இடத்தில் சொல்லிவிடலாம், பலர் சொல்வார்கள். நான் மற்றதையும் பார்த்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, கேரேஜுக்குள் 29 டிகிரி. கூலன்ட் 23 என்கிறது. உள்ளே போகும் காற்றும் 23; இந்த சென்சார்களில் வோல்ட் கூடினால் சூடு குறைவாகத்தான் காட்டும். மிதிக்காத த்ராட்டிலின் வோல்ட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. நாலு சென்சார் ஒரே நாளில், ஒரே பக்கமாகக் கெடாது. நாலுக்கும் பொது என்ன? மேப்புக்கும் த்ராட்டிலுக்கும் 5 வோல்ட் சப்ளை வயர் பொது. ஆனால் டெம்பரேச்சர் சென்சாருக்கு அந்த வயரே போவதில்லை. மிச்சம் எர்த். காற்று அதிகம், இஞ்சின் குளிர் என்று நம்பி இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதிகம் அதிகம் என்று கத்துகிறது. புதிதாகப் போட்ட சென்சாரும் அதையேதான் கத்தும்.

மல்டிமீட்டரில் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை மேப் கனெக்டரின் எர்த் பின்னில் பின்பக்கமாக நுழைத்தேன். 0.26 வோல்ட். அங்கே கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது. இசியூ பக்கத்து பின்னில் சுத்தமாக இருந்தது. ஆக, நடுவில். வயரிங் ஓகே என்று எழுதியவர் பஸ்ஸரில் வைத்துப் பார்த்திருப்பார். 25 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலும் பெரும்பாலான மீட்டரில் பஸ்ஸர் அடிக்கும். கரன்ட் ஓடும்போது வோல்ட் எடுத்தால்தான் இந்தக் கோளாறு பிடிபடும்.

ஃபயர்வால் ஓரத்தில் ஹார்னஸ் டேப்பைப் பிரித்தேன். சென்சார் எர்த் வயர்கள் எல்லாம் கூடும் இணைப்பு அங்கே இருந்தது. மேலே டேப் புத்தம் புதிதாகத் தெரிந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. நல்ல செம்பு வரும்வரை வெட்டி, புது வயர் சேர்த்து, கிரிம்ப் பண்ணி, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டேன். சாவி ஆன்: 101, 29, 29. ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஓட்டிக்கொண்டு வந்தபோது ட்ரிம் பூஜ்யத்துக்குப் பக்கம் வந்துவிட்டது. மாமா சாமான் பில்லைப் பார்த்தார்: ஒரு முழ வயரும் குழாயும். "இதுக்காப்பா இவ்வளவு?" என்றார். ஒன்றுக்கும் உதவாத சென்சாருக்கு ஆயிரக்கணக்கில் பேசாமல் கொடுத்தவர். 2022 ஏப்ரலில் 15 வருட வண்டிக்கு மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனபோதுகூட முணுமுணுத்துவிட்டுக் கட்டிய ஊர் இது. காரணம் தேடிய மணி நேரத்துக்கு மட்டும் பேரம்.

இதனால்தான் பையன்கள் தேடுவதை விட்டுவிட்டு மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். பார்ட்டில் கமிஷன் உண்டு, தேடுவதில் ஒன்றுமில்லை. இதைவிட மோசம், எரர் கோடை அழித்துவிட்டு வண்டியைக் கொடுப்பது. அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமும் போய்விடும்; லைட் விழுந்த நேரத்து சூடு, வேகம், லோடு எல்லாம் அதில்தான் இருக்கும். பழைய கார் விற்கும் சிலர் இஞ்சின் லைட் வயரை ஆயில் லைட்டோடு சேர்த்துவிடுகிறார்கள். ஸ்டார்ட் பண்ணினால் இரண்டும் சேர்ந்து அணையும். வாங்குகிறவர்கள் சாவியை ஆனில் வைத்து, பிறகு ஸ்டார்ட் பண்ணி, ஒவ்வொரு லைட்டும் தனித்தனியாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும். பியூசிக்காரர் சைலன்ஸரில் குழாயை விட்டு, பிஎஸ்-4 வண்டி என்றால் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். டாஷ்போர்டை எட்டிப் பார்க்க மாட்டார்.

இப்போது கேரேஜ் சுவரில் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன்: பார்ப்பதற்குத் தனிக் கூலி, பார்ட் போட்டாலும் போடாவிட்டாலும். சிலர் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள், போகட்டும். பையன்களுக்கும் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறேன். சாவி ஆனில், ஐடிலில், 2,500-இல் எடுத்த நம்பர்களை அதில் எழுதி என்னிடம் காட்டாமல், பார்ட் வாங்க ஒருத்தனும் குர்லாவுக்குப் போக முடியாது.