லே நகரின் வெறுமையான குழாய்கள்

ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லடாக்கின் லே நகருக்குக் குளிர்காலத்தில் பணிநிமித்தம் செல்வீர்களானால், பல வீடுகளில் குழாய்கள் வறண்டிருக்கக் காண்பீர்கள். அது பஞ்சமன்று, முன்னெச்சரிக்கை.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருக்கிறது. அவ்வழுத்தத்தில் இரும்புக் குழாயும் வெடிக்கும். வெடிப்போ, உறைந்த நீர் உருகும்போதே வெளிப்படும். ஆகையால் கடுங்குளிருக்கு முன்னரே பிரதான வால்வை மூடி, மேலும் கீழுமுள்ள குழாய்களைத் திறந்து, நீர் முழுவதையும் வடித்துவிடுகின்றனர். குடிநீரைச் சுமந்துவந்து, அடுப்பெரியும் அறையில் வைக்கின்றனர். மரபான உலர் கழிப்பறைகளுக்கோ தண்ணீரே தேவையில்லை.

நீங்களும் அங்கே குடியேறினால், வீட்டைப் பூட்டி ஊருக்குப் புறப்படுமுன் குழாய்களை வடித்துவிடுங்கள். உறைந்த குழாய்க்கு நெருப்பைக் காட்டாதீர்கள். அதைத் திறந்துவைத்து, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். அந்நாட்களில் நிறைந்த குழாயன்று, வெறுமையான குழாயே வீட்டைக் காக்கும்.