செவ்வானமும் கடைசி இருக்கையும்

வானம் சிவப்பது கவிஞர்க்கு அழகு, எண்ணூரார்க்கு அச்சம். ஆலைகளும் அனல்மின் நிலையமும் துறைமுகமும் சூழ்ந்த ஊரில் நள்ளிரவில் வானம் சிவந்தால், எங்கோ தீப்பற்றியது என்றே தாய்மார் குழந்தைகளை எழுப்புவர். அவ்வூர் மீனவர் குடியில் பிறந்த மாணவர் ஒருவர், 2024 ஜூன் மாதம் கல்லூரி திறந்த சில நாள்களில், செய்தித்தாள் நறுக்கொன்றை நம் மேசைமீது வைத்தார். "ஐயா, இந்தச் சிவப்பு நம் கழிமுகத்தின் மேலும் தெரிந்திருக்குமா?" என்று வினவினார். கடைசி இருக்கையில் அமர்ந்து வாய் திறவாதிருப்பவர் அவர். பாடக்குறிப்பு எழுதும் முனைப்பில் இருந்த நாம், "பாடத்தைக் கவனியும், தம்பி" என்று அனுப்பிவிட்டோம்.

அவ்வினா அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. நறுக்கை மீண்டும் படித்தோம். 2024 மே 10ஆம் நாள், சூரியன் உமிழ்ந்த மின்துகள் திரள்கள் பூமியின் காந்தப் புலத்தைத் தாக்கின. 2003க்குப் பின் அத்துணைக் கடுமையான காந்தப் புயல் எழுந்ததில்லை. வடநாடுகளில் ஏரிகளின் மேலாடும் பச்சை ஒளி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் தோன்றுவது. 200 கிலோமீட்டருக்கும் மேலே உயிர்வளி அணுக்கள் தரும் செந்நிறமோ தொலைவிலும் புலப்படும். லடாக்கின் ஹன்லே வானாய்வகத்துக் கேமராக்கள் அச்செந்நிறத்தைப் பதிவு செய்தன. அவ்வாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனமே, 1899இல் தோன்றிய நம் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது என்பது தமிழர்க்கு மகிழ்வூட்டும் செய்தி.

மறுநாள் மாணவரை அழைத்துப் பொறுத்துக்கொள்ளக் கேட்டோம். "ஹன்லே 33 பாகையை ஒட்டியது, எண்ணூர் 13 பாகை. இங்கே தெரிந்திராது. அங்கும் வெறுங்கண்ணுக்கு மிக மங்கலே. கேமரா பல நொடிகள் திறந்திருந்து ஒளியைச் சேர்த்ததால்தான் நிறம் துலங்கிற்று" என்றோம். "அப்படியாயின் படம் பொய்யா, ஐயா?" என்றார். "இல்லை; ஒளி இருந்தது. கண்ணுக்குத்தான் பொறுமையில்லை" என்று விடையிறுத்தோம். சொன்ன பிறகே அச்சொல் நம்மையும் சுட்டது.

மறுவாரம் அவர் தம் கைப்பேசியைக் காட்டினார். கரையேற்றிய படகின் மீது அதனை அசையாது வைத்துக் கழிமுகத்தை எடுத்திருந்தார். நீரெங்கும் ஆலை விளக்குகளின் மஞ்சள். மேலே, கண்ணுக்குத் தோன்றாத நான்கைந்து விண்மீன்கள். "அப்பா முன்பெல்லாம் இந்த வெள்ளிகளைப் பார்த்துக் கரை சேர்வாராம், இப்போது புகைபோக்கி விளக்கைப் பார்த்து வருகிறார்" என்றார்.

நம் வாப்பா நினைவுக்கு வந்தார். ஷஅபான் 29ஆம் நாள் மஃரிபு வேளையில், அதே கரையில் நம்மைத் தோள்மீது ஏற்றி, உப்பளங்களுக்கு அப்பால் மேல்வானில் பிறை தேடுவார். முதலில் கண்டவர்க்குப் பேரீச்சம்பழம் பரிசு. இன்று அத்திசையில் புகையும் விளக்குமே முந்தித் தோன்றுகின்றன. பிறை கண்ட செய்தியைத் தொலைபேசியில் கேட்டே நாம் நோன்புக்கு ஆயத்தமாகிறோம். வானத்தை நோக்கிச் சிந்திக்கத் திருமறை பலவிடங்களில் பணிக்கிறது. நோக்குதற்குரிய இருளை நாம் தொலைத்துவிட்டோம்.

லடாக்கில் ஹன்லேயைச் சூழ்ந்த பகுதியை 2022இல் இருள்வானக் காப்பகமாக அறிவித்தனர். ஊரார் தம் விளக்குகளை மறைத்தும் தாழ்த்தியும் வானைக் காக்கின்றனர். எண்ணூர் ஹன்லே ஆகாது. ஆலையும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆயினும் வானை நோக்கி வீணாகும் விளக்கைத் தரைநோக்கித் திருப்புதல் எவர் பிழைப்பையும் கெடுக்காது.

மாணவரின் படம் இப்போது நம் துறையின் சுவரில் இருக்கிறது. வகுப்பினுள் நுழைகையில் நாம் முதலில் நோக்குவது கடைசி இருக்கையை. மங்கலாய்த் தோன்றுவன யாவும் ஒளியற்றவை அல்ல என்பதை, கற்பிக்க வந்த நமக்கு ஒரு மாணவர் கற்பித்தார். எல்லாப் புகழும் இறைவனுக்கே.