சடையங்குப்பத்து மரங்கள்: ஊன்றியவையும் முளைத்தவையும்

முதிர்ந்த மரம் நட்டு வளர்த்ததா, தானாக முளைத்ததா என்பதை அது நிற்கும் இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். மணலி ஆலைகளைத் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அருகே உள்ள சடையங்குப்பம் இதைப் பார்த்துப் பழக ஏற்ற ஊர்.

வழியில் முதலில் கண்ணில் படுவது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரமான இதன் விதை 1870களில் விறகுத் தேவைக்காகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. ஆனால் இன்று நிற்பவற்றை யாரும் நடவில்லை. ஆடுமாடு தின்ற நெற்றின் விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைத்தவை அவை. இனம் வந்த கதை வேறு, மரம் வந்த கதை வேறு. சவுக்கும் வெளியிலிருந்து வந்ததுதான். அதன் வரிசையும் சம இடைவெளியும் ஒரே பருமனும் நட்ட தோப்பு என்று காட்டிக்கொடுக்கும்.

நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியது பனை. பனங்கொட்டை கனமானது, காற்று தூக்காது. ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். பழம் விழுந்த இடத்திலேயே கிடந்து முளைத்தால் இரண்டு மூன்று மரங்கள் அடி ஒட்டி எழும். கொட்டையைப் பிரித்து வரப்பில் ஊன்றிய பனையோ ஒற்றையாக, வரிசையில் நிற்கும். வரப்பு அழிந்து மனையான பிறகும் அந்த வரிசை மிஞ்சும். உயரமும் துப்புக் கொடுக்கும்: ஒரே காலத்தில் ஊன்றியவை ஏறக்குறைய ஒரே உயரம், தாய்ப்பனையைச் சுற்றி வடலியும் வளர்ந்ததும் கலந்திருந்தால் தானாகப் பெருகிய கூட்டம். வரிசையில் ஆண்பனை நிறைய இருப்பதால் குழம்ப வேண்டியதில்லை. 12, 15 ஆண்டு கழித்துப் பாளை விடும்வரை ஆணா பெண்ணா என்பது ஊன்றியவருக்கே தெரியாது.

பனையைத் தழுவி நிற்கும் ஆலும், சுவர் வெடிப்பில் வேர்விட்ட அரசும் பறவை எச்சத்தில் வந்தவை. மேடை கட்டி வேம்போடு சேர்ந்து நிற்கும் அரசு ஊரார் வைத்தது.

கொல்லைப்புற வேம்பில்தான் தீர்ப்புச் சொல்வது கடினம். காகம் தின்று போட்ட கொட்டை, அது உட்காரும் வேலியோரத்திலும் கிணற்றடியிலும் முளைக்கிறது. ஆனால் அதைப் பிடுங்காமல், ஆடு கடிக்காமல் முள் வைத்துக் காத்தவர் ஒருவர் இருந்திருப்பார். இது நட்ட மரமுமல்ல, காட்டு மரமுமல்ல, விட்டுவைத்த மரம். பழைய குடியிருப்புகளில் இந்த வகை ஏராளம். காத்தவரைக் கணக்கில் சேர்க்காமல் இதை இரண்டில் ஒன்றாகத் திணிப்பது பிழை.

கழியோரத்து வெண்கண்டலில், நீரில் மிதந்துவந்து ஒதுங்கியவை கலைந்து நிற்கும். நட்டவை, மீன்முள் வடிவில் வெட்டிய வாய்க்கால்களின் ஓரமாக நிற்கும்.

கண்ணுக்குப் பிடிபடாததைச் சிலசமயம் ஏடு சொல்லும். புறம்போக்கு நிலத்து மரங்களின் பலனை அனுபவிக்கத் தரும் மரப்பட்டா, கிராமக் கணக்கு 2சி-யில் பதிவாகும். மனையை ஒட்டிப் புறம்போக்கு இருந்தால் அந்தக் கணக்கையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.