ஆடாமலே வரும் களைப்பு

புதுச்சேரியின் தென்பகுதியில், உப்பைத் தன் பெயரிலேயே சுமந்திருக்கும் பகுதி உப்பளம். இன்று அப்பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டரங்கம்தான். மாலை வேளைகளில் அப்பக்கம் நடக்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆடி முடித்த பிள்ளைகள் வியர்வை வழிய வெளியே வருவார்கள். உடலில் களைப்பு இருக்கும், முகத்தில் வாட்டம் இராது. வகுப்பறையிலோ வேறு வகைக் களைப்பைக் காண்கிறேன். ஓடவுமில்லை, சுமக்கவுமில்லை, ஆயினும் முதற்பாடவேளையிலேயே மேசைமீது தலை சாய்கிறது. வீட்டில் அதற்குச் சோம்பல் என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அப்பெயர் பொருந்தாது என்பதே என் துணிபு.

இதற்குச் சான்று நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் வால்டர் கேனன், 1915இல் வெளியிட்ட நூலில் ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறார். பரபரப்பான போட்டி ஒன்று முடிந்ததும் கால்பந்து அணியினர் 25 பேரின் சிறுநீர் ஆராயப்பட்டது. அவர்களுள் 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அந்தப் பன்னிருவரில் ஐவர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் அமர்ந்திருந்தவர்கள்! கடினமான தேர்வு எழுதிய மருத்துவ மாணவர் ஒன்பதின்மரில் நால்வரிடமும் அதே சர்க்கரை தென்பட்டது என்று அந்நூல் கூறுகிறது. தேர்வு எளிதாக அமைந்தபோது ஒருவரிடம் மட்டுமே தென்பட்டது.

பதற்றம் எழுந்தவுடன், சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. கல்லீரல் தன் சேமிப்பைச் சர்க்கரையாக்கி வெளியிடுகிறது, இதயம் விரைகிறது, செரிமானம் பின்தள்ளப்படுகிறது. எதிர்க்கவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. எதிரே வந்த காளை விலகிப் போனால் இவ்வாயத்தம் கலைந்துவிடும். மதிப்பெண் பற்றிய கவலையோ படுக்கை வரை உடன் வருகிறது. அது நாள்கணக்கில் நீளும்போது, விடியலில் உயர்ந்து இரவில் தாழவேண்டிய கார்டிசால் என்னும் ஹார்மோனின் ஒழுங்கு பிறழக்கூடும். உறக்கம் மெலிகிறது. மறுநாளை உடல் கடனோடு தொடங்குகிறது.

அக்கடனை அடைக்கத் தேநீரை நாடுகிறோம். களைப்பை மூளைக்கு உணர்த்துவது அடினோசின் என்னும் பொருள். அதன் வழியை மறிப்பதன்றிக் காஃபீன் நமக்கு ஆற்றல் எதையும் ஊட்டுவதில்லை. பருகி ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழிந்த பின்னும் அதில் பாதியளவு உடலில் எஞ்சியிருக்கும். தேநீரை நான் வெறுப்பவன் அல்லன். மாலை நான்கு மணிக்குமேல் தொடுவதில்லை, அவ்வளவே.

ஓட ஆயத்தமான உடலை ஓடவிடுவதே முறை. புதுவையில் அதற்கு இடப் பஞ்சமில்லை. கடற்கரைச் சாலையில் மாலையானதும் வண்டிகளை விடுவதில்லை. அங்கே அரைமணி நேரம் விரைந்து நடந்தால் போதும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நடப்பதை நடையில் நான் சேர்ப்பதில்லை. நடக்க இயலாத இடத்தில் மூச்சு உதவும். உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால், வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு தணிகிறது. தேர்வறை வாயிலில் நின்றும் இதனைச் செய்யலாம். அருகில் நிற்பவரும் அறியார்.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இவ்வூரில் வாழ்ந்தார். ஒற்றர்களின் கண்காணிப்பு ஒருபுறம், வறுமை மறுபுறம். முத்தியால்பேட்டைத் தோப்பு ஒன்றுக்கு அவர் அடிக்கடி செல்வார். அத்தோப்பைக் ‘குயில் பாட்டு’டன் தொடர்புபடுத்திக் கூறுவர். தோப்பு ஒற்றர்களை விரட்டிவிடவில்லை. வீட்டு வாடகையையும் கட்டவில்லை. நடையும் மூச்சும் அப்படியே. உடலின் பதற்றத்தைத் தணிக்கும். தந்தையின் கடனையோ வீட்டுச் சண்டையையோ தீர்க்கமாட்டா. அவற்றைப் பற்றி ஒருவரிடம் வாய்திறந்து பேசத்தான் வேண்டும்.

வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பது நன்று; குருதிச்சோகையும் தைராய்டுக் குறைபாடும் இதே முகத்தோடு வரும். மனச்சுமையை ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ சொல்லத் தயங்குவோர்க்கு, நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். எங்கள் வகுப்பறைக் கரும்பலகையின் மேல் ஓரத்தில் அவ்வெண்ணை எழுதியிருக்கிறேன். பலகை துடைக்கும் பிள்ளைகள் அதைமட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறார்கள்.