பாதி சித்திரை, பாதி மார்கழி

ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க் சுமார் 80 கிலோமீட்டர். வழி நெடுகச் சிந்து என்னும் பெயர் கொண்ட ஆறு துணைக்கு வருகிறது. இது மகாநதியான சிந்து அன்று. ஜீலத்தில் சென்று கலக்கும் மலையாறு. சோனாமார்க்குக்கு அப்பால் சுமார் 11,500 அடி உயரத்தில் ஸோஜிலா கணவாய் இருக்கிறது. 1948 நவம்பரில் நமது சேனை டாங்கிகளை ஏற்றி வழி திறந்தது அங்கேதான்.

முன்பெல்லாம் குளிர்காலத்தில் பனிச்சரிவுக்கு அஞ்சிச் சோனாமார்க் சாலையை அடைத்துவிடுவது வழக்கம். 2025 ஜனவரியில் சுமார் 6.5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப் பாதை திறக்கப்பட்டது முதல், உறைபனியிலும் குடும்பத்துடன் போய்வரலாம் என்றாகிவிட்டது. சாலை சித்தமாகிவிட்டது, வண்டி சித்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி.

நாங்கள் அமர்த்திக்கொண்டது 20 பிராயம் கடந்த வாடகை மோட்டார். டிரைவர் பக்கம் சித்திரை வெயில். மறு பக்கம் மார்கழி விடியல். பின் ஆசனத்திலோ பாட்டியம்மாளும் குழந்தையும் வெடவெடத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு உதவ, காங்கன் ஊர்க் கடைத்தெருவில் ஒருவர் தமது காங்ரியை நீட்டினார். காங்ரி என்பது பின்னல் கூடைக்குள் அமர்ந்த மண்சட்டி. அதில் கரி நெருப்பு கனன்றுகொண்டிருக்கும். காஷ்மீரத்து மக்கள் நீண்ட அங்கிக்குள் அதை வைத்துக் குளிர் காய்வார்கள்.

அடுத்த பட்டறையிலிருந்த முதிய மெக்கானிக் ஓடிவந்து தடுத்தார். "சாஹிப், கதவடைத்த வண்டிக்குள் கரி நெருப்பா? தூங்கினவர் தூங்கினபடியே போய்விடுவார்!" என்றார். அது உண்மை. கரி எரியும்போது எழும் கார்பன் மானாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் தோன்றுவதற்குள் ஆபத்து முற்றிவிடும்.

பிறகு அவர் வண்டியைச் சோதித்த முறை, நேயர்கள் அறியத் தக்கது. மோட்டாரில் தனியாக அடுப்பு கிடையாது. என்ஜினைக் குளிர்விக்கும் நீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னுள்ள சிறு ரேடியேட்டருக்குள் வந்து திரும்புகிறது. அதன் ஊடே விசிறி காற்றை ஊதுகிறது. முதலில், முன் ஆசனத்தின் அடியில் நாங்கள் திணித்திருந்த மூட்டைகளை வெளியே இழுத்தார். பின்புறம் செல்லும் காற்றுக்குழாயின் வாயை அவை அடைத்திருந்தன! அடுத்து உஷ்ணமானியைப் பார்த்தார். ஊசி வழக்கமான இடத்தில் நின்றது. அது எழும்பாதிருந்தால், தெர்மாஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டது என்று கொள்ளலாமாம்.

பின்னர் என்ஜினை நிறுத்தி, ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ரப்பர்க் குழாய்களையும் ஜாக்கிரதையாகத் தொட்டார். ஒன்று சுட்டது, மற்றொன்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. இரண்டும் சுட்டிருந்தால் காற்றைத் திருப்பும் மடலைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே நீர் போகிற வழியே அடைபட்டிருந்தது.

என்ஜின் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியை அவர் தொடவில்லை. கொதிநீர் முகத்தில் பீறிடும் அல்லவா? ஆறியபின் குழாய்களைக் கழற்றி, எதிர்த்திசையில் மெதுவாக நீர் பாய்ச்சினார். காப்பிக் கஷாயம் போல் துருச்சேறு வெளிவந்தது! தெளிந்த பிறகு, உறையாத கூலன்ட் கலவையை நிரப்பி, மூடியைத் திறந்தபடியே என்ஜினை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார். வெறும் நீர் உறைந்தால் பருத்துக் குழாய்களைப் பிளந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

சுரங்கத்தைத் தாண்டுமுன் குழந்தை கம்பளியை உதறி எறிந்துவிட்டது. பனி நாட்டுக்குப் பழைய வண்டியில் புறப்படுகிறவர்கள், இந்தச் சோதனையை ஊரிலேயே செய்துகொள்வது நலம். வழியில் குளிர் மிஞ்சினால் கம்பளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நெருப்பை மட்டும் வண்டிக்குள் ஏற்றாதீர்கள்.