முகப்பூச்சும் முழு நித்திரையும்

சென்ற மாதம் நம் இல்லத்திற்கு வந்திருந்த அத்தை, நம் மனைவியின் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் அம்மா, உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டாள். கண்களின் கீழே கருமை, முகத்திலே வாட்டம். நாம் மறுநாளே விலையுயர்ந்த முகப்பூச்சு ஒன்றை வாங்கி வந்து கொடுத்து, கடமை தீர்ந்ததென்று மகிழ்ந்திருந்தோம்.

பிறகுதான் ஒரு செய்தியைப் படித்தோம். ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 23 பேரை, நன்றாக உறங்கிய பின் ஒரு முறையும், இரவெல்லாம் கண் விழித்த பின் ஒரு முறையும் படம் பிடித்தார்கள். அப்படங்களை 65 பேர் மதிப்பிட்டார்கள். உறக்கமிழந்த முகங்களே அழகிலும் ஆரோக்கியத்திலும் தாழ்ந்து நின்றன. 2010-ல் வெளியான முடிவு இது. ஆழ்ந்த நித்திரையிலேதான் வளர்ச்சிக்குரிய ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. தேகம் தன் பழுதுகளைச் சீர் செய்துகொள்கிறது. சருமமும் தேகத்தின் பகுதிதானே?

நம் வீட்டுக் கணக்கைப் பார்த்தோம். பாத்திரம் துலக்கி, அடுப்படியைத் துடைத்துவிட்டு அவள் படுப்பது இரவு 11.30 மணிக்கு, எழுவது 4.30 மணிக்கு. வயது வந்தோருக்கு 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டுமென்பது வைத்தியர் கூற்று. நாமோ 10 மணிக்கே குறட்டை விடுகிறவர்கள்! தேச சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம், வீட்டிலே ஒருத்திக்குக் கண்மூடும் சுதந்திரமும் இல்லாததைக் கவனித்தோமில்லை.

இப்பொழுது இரவுப் பாத்திரங்கள் நம் பொறுப்பு. நேற்று அத்தை மீண்டும் வந்தாள். உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. முகப்பூச்சுப் புட்டி இன்னும் திறக்கப்படாமலே இருக்கிறது.